விளையாடும் இடம் யாருடையது?

காரைக்குடிப் பக்கத்தில் இணைய விளையாட்டைப் பற்றிப் பேச்சு எழுந்தால் அது பெரும்பாலும் இரண்டு கவலைகளுக்குள்ளேயே சுற்றி நின்றுவிடுகிறது. ஒன்று, ரம்மியில் பணத்தைத் தொலைத்தவர்களைப் பற்றியது. மற்றொன்று, கைப்பேசியை விட்டு எழாத பிள்ளையைப் பற்றியது. இரண்டும் நியாயமான கவலைகளே. ஆயினும், கணினியோடும் இணையத்தோடும் நெடுங்காலமாகப் பழகிவருபவன் என்ற முறையில், இவ்விரண்டுக்கும் அடியில் கிடக்கும் மூன்றாவது கேள்வியை யாரும் எழுப்புவதில்லையே என்பது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பிள்ளைகள் விளையாடுகிற இடம் யாருடையது, அதை யார் நடத்துகிறார்கள், அங்கே தகராறு மூண்டால் யார் வந்து விலக்கிவிடுகிறார்கள் என்பதே அக்கேள்வி. எந்த விளையாட்டு, எவ்வளவு நேரம் என்பவற்றைக் காட்டிலும், அது யாருடைய சர்வரில் (விளையாட்டை இயக்கும் பொதுக் கணினியில்) யாருடைய விதிகளின்படி நடக்கிறது என்பதுதான் அங்கு உருவாகும் பழக்கவழக்கங்களைத் தீர்மானிக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை முதலிலேயே தனியே பிரித்து வைத்துவிடுகிறேன். தமிழ்நாட்டில் நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு 2022-இல் அறிக்கை அளித்தது. அதன் தொடர்ச்சியாக வந்த சட்டம் ஆளுநரால் திருப்பி அனுப்பப்பட்டு, மீண்டும் நிறைவேற்றப்பட்டு, 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும் என்றும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை சார்ந்த ஆட்டங்கள் என்பதால் தடை அவற்றுக்குப் பொருந்தாது என்றும் தீர்ப்பளித்தது. 2025-இல் மாநில அரசின் ஒழுங்குமுறைகள், நள்ளிரவு 12 மணி முதல் அதிகாலை 5 மணி வரை இவ்வாட்டங்களில் நுழைய முடியாதபடி செய்தன. அவ்வாண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற நீண்ட வாதத்தையே ஒதுக்கிவைத்துவிட்டு, பணம் கட்டி ஆடும் எல்லா இணைய ஆட்டங்களையும் தடை செய்தது. அத்தகைய ஆட்டத்தை நடத்துவோருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறையும் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆடியவருக்குத் தண்டனை இல்லை. இந்தச் சட்டத்தை நான் மனமார வரவேற்கிறேன். குறிப்பாக, ஆடியவரைக் குற்றவாளியாக்காமல் நடத்துபவரைப் பிடித்திருப்பது சரியான பார்வை. அதே சட்டம் மின்விளையாட்டுப் போட்டிகளையும், பணம் கட்டாத பொதுவான விளையாட்டுகளையும் தனித்தனியே வகைப்படுத்தி, அவற்றை வளர்க்கவும் வழி சொல்கிறது என்பதை நம் ஊர்ப் பெரியவர்கள் கவனிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘ஆன்லைன் கேம்’ என்று பெயரிட்டு வெறுப்பதற்கு இப்போது சட்டமே இடம் தரவில்லை.

இனி என் கேள்விக்கு வருகிறேன். பலர் ஒரே நேரத்தில் கணினி வழியே கூடி விளையாடும் பழக்கத்துக்கு வயது குறைவன்று. 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்ற மாணவர் தொடங்கி, பின்னர் ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த ‘மட்’ என்ற விளையாட்டில் படங்களே கிடையாது; எல்லாம் எழுத்துகள். பார்ட்டில் பிற்காலத்தில், 1996-இல், இத்தகைய உலகங்களுக்கு வருவோரை நான்கு வகையினராகப் பிரித்து எழுதினார்: வெற்றிகளைச் சேர்ப்பவர்கள், உலகைத் துருவிப் பார்ப்பவர்கள், மனிதர்களோடு பழக வருபவர்கள், பிறரைத் தாக்க வருபவர்கள். அவருடைய வகைப்பாட்டைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அவர் அதோடு சொன்ன மற்றொரு செய்தி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. உலகத்தை நடத்துபவர் எதை எளிதாக்குகிறார், எதைக் கடினமாக்குகிறார் என்பதைப் பொறுத்து இந்த நால்வரின் விகிதம் மாறும் என்றார் அவர். தாக்க வருபவர்கள் பெருகிய ஓர் இடத்தில் பழக வருபவர்கள் தங்குவதில்லை. ஆகவே ஒரு விளையாட்டில் வசவும் வன்மமும் மண்டிக் கிடந்தால், ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான்’ என்று சொல்லுமுன், அந்த இடத்தை நடத்துபவர் எதை எளிதாக்கி வைத்திருக்கிறார் என்று பார்ப்பதே முறையாகும்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியிலும் அதற்கடுத்த பத்தாண்டிலும் இடம் பெரும்பாலும் விளையாடுபவர்களுடையதாகவே இருந்தது. 1996-இல் வெளியான குவேக் போன்ற விளையாட்டுகளில், சர்வர் மென்பொருளையே நிறுவனம் கையில் கொடுத்துவிடும். 1999-இல் ஹாஃப்-லைஃப் விளையாட்டின் மேல் இருவர் கட்டிய மாற்றமாகத் தொடங்கிய கவுன்டர்-ஸ்டிரைக்கும் அவ்வாறே பரவியது. நம் ஊர்களில் பிரவுசிங் சென்டர்கள் பெருகியிருந்த காலத்தில், ஐந்தாறு கணினிகளை லேன் கேபிளால் இணைத்து, இணையமே இல்லாமல் இவ்விளையாட்டை ஆடியவர்கள் இன்று முப்பதையும் நாற்பதையும் தாண்டியிருப்பார்கள். அங்கே தோற்றவன் எழுந்து வந்து வென்றவனின் முகத்தைப் பார்க்க முடிந்தது. கெட்ட வார்த்தை பேசினால் சென்டர் நடத்தும் அண்ணன் எழுந்து வருவார். இணையத்தில் ஆடினாலும், ஒரு சர்வரை யாரோ ஒருவர் தம் செலவில் நடத்தினார், அவருக்கு ஒரு பெயர் இருந்தது, வழக்கமாக வருபவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள்.

இந்த ஏற்பாடு மெல்ல மெல்லக் கழற்றப்பட்டது. 2009 நவம்பரில் வெளிவந்த கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2, கணினிப் பதிப்பில் விளையாடுவோர் தமக்கென சர்வர் நடத்தும் வசதியை நீக்கிவிட்டு, நிறுவனமே ஆட்களைத் திரட்டிக் கொடுக்கும் மேட்ச்மேக்கிங் முறையைக் கொண்டுவந்தது. அதை எதிர்த்துப் பெரும் எண்ணிக்கையில் கையெழுத்து இயக்கம் நடந்தும் பயனில்லை. இன்று கைப்பேசியில் பிள்ளைகள் ஆடும் போர் விளையாட்டுகள் ஏறக்குறைய அனைத்தும் இம்முறையையே பின்பற்றுகின்றன. பொத்தானை அழுத்தினால் சில நொடிகளில் நூறு பேர் ஒரு தீவில் இறக்கப்படுகிறார்கள். அரைமணி நேரத்தில் அந்த நூறு பேரும் கலைந்துபோகிறார்கள். மறுபடி ஒருவரையொருவர் காணப்போவதில்லை. தொழில்நுட்பமாகப் பார்த்தால் இது மிகச் சிறப்பான வேலை. ஒத்த திறமையுடையவர்களை, ஒத்த பிங் (செய்தி சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) உள்ளவர்களை, அவ்வளவு விரைவில் ஒன்றுசேர்ப்பதன் பின்னால் இருக்கும் பொறியியலை நான் மதிக்கிறேன். ஆனால் ஒருவன் இன்னொருவனுக்குப் பதில் சொல்ல வேண்டிய தேவை எதுவுமே அங்கே எஞ்சுவதில்லை.

எங்கள் வீட்டில் அப்பத்தா முகப்பில் உட்கார்ந்திருக்கும்போது, பேரன் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு யாரிடமோ கத்திக்கொண்டிருந்தால் அவர் கேட்பது ஒரே கேள்விதான்: “யாரு வீட்டுப் பிள்ளைப்பு அது? எந்த ஊரு?” பேரனால் அதற்குப் பதில் சொல்ல முடிவதில்லை. செட்டிநாட்டில் வளர்ந்த எவருக்கும் இந்தக் கேள்வியின் எடை தெரியும். திண்ணையில் தாயமும் ஆடுபுலி ஆட்டமும் ஆடப்பட்ட நாட்களில், எதிரில் உட்கார்ந்திருப்பவர் இன்னார் வீட்டுப் பிள்ளை என்பது ஆட்டம் தொடங்குமுன்பே தெரிந்திருந்தது. அதனாலேயே கோபம் ஓர் எல்லைக்குள் நின்றது. எல்லாரும் எல்லாரையும் அறிந்த அவ்வாழ்க்கைக்கு அதற்கே உரிய நெருக்கடிகளும் உண்டு. அதை முழுமையாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உண்மைப் பெயரை மறைத்துக்கொண்டு பேசும் உரிமை இணையம் தந்த பெரிய கொடைகளுள் ஒன்று என்றே கருதுகிறேன். புனைபெயரோடு இருப்பவர் கூட ஓரிடத்துக்குத் தொடர்ந்து வந்தால், அந்தப் புனைபெயருக்கு ஒரு மதிப்பும் பொறுப்பும் வந்து சேர்கின்றன. மேட்ச்மேக்கிங்கில் இல்லாமற்போவது அந்தத் தொடர்ச்சிதான்.

அந்த வெற்றிடத்தை நிறுவனங்கள் புகார்ப் பொத்தானாலும் தானியங்கி வடிகட்டிகளாலும் நிரப்பப் பார்க்கின்றன. தமிழ் பேசுவோரிடம் அவை எவ்வளவு தோற்றுப்போகின்றன என்பதை எந்த விளையாட்டின் சாட் உரையாடலையும் சிறிது நேரம் கவனித்தால் புரிந்துகொள்ளலாம். நம்மவர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டச்சு செய்கிறார்கள். ஒரே வசவை ஆறேழு விதமாக எழுதலாம். ஒரு சாதிப் பெயரை, ஓர் ஊர்ப் பெயரை, ஒரு தொழிலின் பெயரைக்கூட இகழ்ச்சியாகப் பயன்படுத்தலாம். வேறொரு நாட்டில் அமர்ந்து எழுதப்பட்ட சொற்பட்டியல் இவற்றையெல்லாம் எப்படி அறியும்? வாய்ஸ் சாட்டில் நிலைமை இன்னும் மோசம். பெண் குரல் கேட்டவுடன் பேச்சின் தொனி மாறிவிடுவதைத் தாங்க முடியாமல், நன்றாக ஆடக்கூடிய எத்தனையோ பெண் பிள்ளைகள் மைக்கை அணைத்தே ஆடுகிறார்கள். அணியாக ஆட வேண்டிய விளையாட்டில் பேசாமல் ஆடுவது ஒரு கையைக் கட்டிக்கொண்டு ஆடுவதற்கு ஒப்பானது. இதை ஒரு தனிமனிதக் குறையாக நான் பார்க்கவில்லை. அறிந்தவர் எவரும் இல்லாத இடத்தை வேண்டுமென்றே கட்டியதன் விளைவாகப் பார்க்கிறேன்.

கடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் விளையாட்டு, உடையையும் துப்பாக்கியின் நிறத்தையும் விற்றுப் பிழைக்கிறது. விற்பதில் தவறில்லை. ஆனால் ரூபாயை முதலில் வைரமாகவோ நாணயமாகவோ மாற்றச் சொல்வதும், வேண்டிய பொருளின் விலைக்குச் சரியாகப் பொருந்தாத பொதிகளிலேயே அவற்றை விற்பதும், எப்போதும் கொஞ்சம் மீதி கணக்கில் கிடக்கும்படி பார்த்துக்கொள்வதும், வாங்குபவரின் கணக்கு மனத்தை மழுங்கடிக்கவே செய்யப்பட்ட ஏற்பாடுகள். வட்டிக் கணக்கைப் பைசா சுத்தமாக எழுதிய ஊர் இது. இங்கே பிறந்த பிள்ளைக்கு, தான் செலவழித்தது எவ்வளவு ரூபாய் என்று சொல்லத் தெரியாமல் போவதை என்னால் இலேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. என்ன கிடைக்கும் என்று தெரியாமலே பணம் கொடுத்துத் திறக்கும் லூட் பாக்ஸ் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-லேயே அதைச் சூதாட்டம் என்று அறிவித்தது. சீனா 2017 முதல் எந்தப் பொருள் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை வெளிப்படையாகச் சொல்லக் கட்டாயப்படுத்தியது. பிற்பாடு 2021-இல் அதே சீனா, 18 வயது நிறையாதவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு மற்றும் விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை ஒரு மணி நேரம் மட்டுமே இணையத்தில் விளையாடலாம் என்று விதித்தது. சீனாவின் முதல் விதியை நம் நாட்டிலும் கொண்டுவர வேண்டும் என்பேன். இரண்டாவது விதியை ஏற்க மாட்டேன். நேரத்தை மட்டும் குறைத்துவிட்டு இடத்தை அப்படியே விட்டால், அந்த ஒரு மணி நேரத்திலும் பிள்ளை அதே கடையில்தான் நின்றுகொண்டிருக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் விளையாட்டுக் கோளாறு இடம்பெற்று, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்திருப்பதைப் பலரும் சுட்டிக்காட்டுகிறார்கள். கட்டுப்பாடு இழப்பது, மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டே முதன்மையாவது, கேடு வந்த பின்னும் தொடர்வது ஆகியவை, வழக்கமாகக் குறைந்தது 12 மாதங்களாவது காணப்பட்டால்தான் அவ்வாறு கருத வேண்டும் என்று அவ்வகைப்பாடு சொல்கிறது. விடுமுறையில் நாள் முழுவதும் ஆடும் பிள்ளைக்கு அப்பெயரைச் சூட்டுவது முறையன்று.

பிறர் இடத்தில் விளையாடுவதில் இன்னோர் இழப்பும் உண்டு. 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி மொபைல் தடை செய்யப்பட்டது. அதன் இந்தியப் பதிப்பு 2021 ஜூலையில் வந்தது; 2022 ஜூலையில் மறைந்தது; 2023 மே மாதம் திரும்பியது. இதற்கிடையில், 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் தடைபட்டது. அரசின் காரணங்களுக்குள் நான் போகவில்லை. தம் கணக்கையும் நண்பர் பட்டியலையும் அணியையும் ஓரிரவில் இழந்த பிள்ளைகளுக்கு அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லும் உரிமைகூட இல்லாதிருந்தது என்பதையே குறிப்பிடுகிறேன். அரசு தலையிடாத இடத்திலும் இதுவே நடக்கிறது. 2014-இல் பணம் கொடுத்து வாங்கப்பட்ட தி க்ரூ என்ற கார்ப் பந்தய விளையாட்டை யூபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31 அன்று சர்வரை அணைத்து முடித்துவைத்தது. தனியாக ஆடுவதற்குக்கூட அதைத் திறக்க முடியாமற்போனது. அதிலிருந்து கிளம்பிய ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம், 2025 ஜூலையில் ஐரோப்பாவில் 10 இலட்சம் கையெழுத்துகளைக் கடந்தது. சர்வரை நிறுத்தும்போது, வாங்கியவர்கள் தாங்களே தொடர்ந்து விளையாட ஒரு வழியை விட்டுச்செல்லுங்கள் என்பதே அதன் கோரிக்கை. எனக்கு அது முழுவதும் உடன்பாடு.

குறை சொல்வதோடு நிற்க விரும்பாமல், கட்டைகளை அடுக்கி உலகம் கட்டும் மைன்கிராஃப்ட் விளையாட்டுக்கு எங்கள் வீட்டில் ஒரு சர்வரை நடத்திவருகிறேன். செட்டிநாட்டுக் குடும்பங்களில் பிள்ளைகள் ஓரிடத்தில் இருப்பதில்லை. ஒரு வீட்டார் சென்னை, ஒரு வீட்டார் கோயம்புத்தூர், ஒருவர் சிங்கப்பூர், ஒருவர் கோலாலம்பூர் என்று பிரிந்து கிடப்பவர்கள், கல்யாணத்துக்கோ அறுபதாம் கல்யாணத்துக்கோ குடும்ப வீட்டின் வளவில் கூடும்போதுதான் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். மூன்று நாள் ஒன்றாக ஓடித் திரிந்துவிட்டு, மறுபடி ஓராண்டுக்குப் பார்த்துக்கொள்வதில்லை. அவர்களுக்கு ஒரு பொதுவான முற்றம் வேண்டும் என்ற எண்ணத்தில், பயன்படாமல் கிடந்த பழைய மடிக்கணினி ஒன்றில் லினக்ஸ் நிறுவி இதைத் தொடங்கினேன். மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்புக்கான சர்வர் மென்பொருளை நிறுவனமே இலவசமாகத் தருகிறது. கைப்பேசியில் ஆடும் பிள்ளைகளிடம் இருப்பது பெட்ராக் என்ற வேறொரு பதிப்பு. இரண்டையும் இணைக்க கெய்சர் என்ற மென்பொருள் உதவுகிறது. அனுமதிப் பட்டியலில் பெயர் இல்லாத எவரும் உள்ளே வர முடியாது. அந்தப் பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவரும் யார் வீட்டுப் பிள்ளை என்று அப்பத்தாவுக்குத் தெரியும்.

இதை அமைப்பதில் நான் அறிந்த சில தொழில்நுட்பச் செய்திகளைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பகுதியில் இதைச் செய்ய நினைக்கும் எவருக்கும் இதே தடைகள் வரும். முதலாவது தடை வீடுதான். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட கனத்த சுவர்களும் ஒன்றன்பின் ஒன்றாக நீளும் கட்டுகளும் உள்ள வீட்டில், முகப்பில் வைத்த ரௌட்டரின் வைஃபை இரண்டாங்கட்டை எட்டும்போதே நலிந்துவிடும். வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சுவரைத் தாண்டுவதில் இன்னும் பலவீனமானது. திறந்த முற்றத்தின் ஓரமாக, மழை படாதபடி குழாய்க்குள் ஒரு லேன் கேபிளை இழுத்துச் சென்று, உள்கட்டில் வைஃபையைப் பரப்பும் இன்னொரு அக்சஸ் பாயின்ட் வைப்பதே தீர்வு.

இரண்டாவது, வேகத்துக்கும் தாமதத்துக்கும் உள்ள வேறுபாடு. இணைப்புக் கொடுப்பவர் நூறு எம்பிபிஎஸ் என்று சொல்லி விற்கிறார்; விளையாட்டுக்குத் தேவைப்படுவதோ பெரும்பாலும் ஓர் எம்பிபிஎஸ்-க்கும் குறைவு. தேவையானது குறைந்த, ஏற்ற இறக்கமில்லாத தாமதம். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். காரைக்குடியிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 3,000 கிலோமீட்டர். போய்த் திரும்ப 30 மில்லிநொடி என்பது இயற்கை விதிக்கும் குறைந்தபட்சம். கேபிள் செல்லும் சுற்றுவழியையும் இடையிலுள்ள கருவிகளையும் சேர்த்தால் நடைமுறையில் அதைவிடக் கூடும். சென்னைக்கு அதே கணக்கு 4 மில்லிநொடிதான். இதனால்தான் நிறுவனங்கள் இந்தியாவில் சர்வர் வைத்தபோது ஆட்டம் அவ்வளவு மாறியது. வால்வ் நிறுவனம் மும்பையோடு சென்னையிலும் வைத்திருப்பது நமக்குப் பெரிய அனுகூலம். மைன்கிராஃப்ட் நொடிக்கு 20 முறைதான் தன் உலகைக் கணக்கிடுகிறது என்பதால், சிங்கப்பூர்ப் பிள்ளை எங்கள் சர்வரில் தாராளமாக ஆட முடிகிறது. ஆனால் வீட்டில் யாராவது கல்யாண வீடியோவை மேலேற்றத் தொடங்கினால் பிங் பத்து மடங்கு எகிறிவிடும். ரௌட்டருக்குள் தரவுப் பொதிகள் வரிசையில் தேங்கி நிற்பதே காரணம். ஓப்பன்-டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருளை ஏற்கும் ரௌட்டரில் கேக் என்ற வரிசை மேலாண்மை முறையை இயக்கிவிட்டால், சிறிய விளையாட்டுப் பொதிகள் காத்திருக்காமல் முந்திச் செல்கின்றன. கூடுதல் பணம் கட்டி வேகமான திட்டத்துக்கு மாறுமுன் இதைச் செய்துபாருங்கள் என்று எல்லாரிடமும் சொல்லிவருகிறேன்.

மூன்றாவது தடைதான் என் மையக் கருத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. இணையத்தில் கருவிகளை அடையாளம் காட்டும் ஐபிவி4 முகவரிகள் போதாமையால், இணைப்பு வழங்குவோர் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கிறார்கள். படம் பார்க்க, செய்தி படிக்க இது போதும். வெளியிலிருந்து ஒருவர் உங்கள் வீட்டுச் சர்வருக்குள் வருவதற்கு மட்டும் வழி இருக்காது. அதாவது, இணையத்தில் நீங்கள் வாடிக்கையாளராக இருக்கலாம், இடம் நடத்துபவராக இருக்க முடியாது என்று கம்பி வழியாகவே தீர்மானித்துவிடுகிறார்கள். ஏராளமான முகவரிகளைத் தரும் ஐபிவி6 என்ற அடுத்த முறையே இதற்கு விடை. ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி கிடைத்துவிடுகிறது. ரௌட்டரின் தீயரணில் ஒரு போர்ட்டை (சர்வருக்கான வாசலை) திறந்தால் போதும். எங்கள் இணைப்பில் அதை இயக்கித் தரும்படி வழங்குநரிடம் பலமுறை கேட்க வேண்டியிருந்தது. அது எதற்கு உங்களுக்கு என்ற கேள்விதான் முதலில் வந்தது. ஒரு பெருநகரத்தின் தரவு மையத்துக்கு உள்ள அதே தகுதி, செட்டிநாட்டு வீடொன்றின் உள்கட்டில் இருக்கும் பழைய மடிக்கணினிக்கும் இணையத்தின் அடிப்படை வடிவமைப்பில் உண்டு. அந்தத் தகுதியைக் கேட்டுப் பெறுவது ஆடம்பரம் அன்று.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல எனக்கு ஆசையாக இருக்கிறது. கோலாலம்பூரில் இருக்கும் ஒரு சிறுமி, மெருகிட்ட சுடுமண் கட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பதித்து ஆத்தங்குடிக் கல் போன்ற தரையை அமைத்திருக்கிறாள். அதற்காகப் பழைய கல்யாணப் புகைப்படங்களில் தரையை மட்டும் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாள். சிறுவர்கள் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று வரிசை தவறாமல் ஒரு வீடு கட்டினார்கள்; பட்டாலை எங்கே வர வேண்டும் என்று தெரியாமல் அப்பத்தாவை வீடியோவில் அழைத்துக் கேட்டார்கள். சண்டையும் வரத்தான் செய்கிறது. ஒரு முறை ஒருவன் கட்டிய கோபுரத்தை இன்னொருவன் இரவில் வெடிவைத்துத் தகர்த்துவிட்டான். யார் எந்தக் கட்டையை எப்போது எடுத்தார்கள் என்று பதிந்துவைக்கும் கோர்புரொடெக்ட் என்ற துணைமென்பொருள் எங்களிடம் உண்டு. ஒரே கட்டளையில் கோபுரத்தை மீட்டிருக்கலாம். அந்தப் பிள்ளைகளில் மூத்தவளான, கல்லூரியில் படிக்கும் அக்காவிடம்தான் நிர்வாகப் பொறுப்பைக் கொடுத்திருந்தேன். அவள் மீட்கவில்லை. தகர்த்தவனே கல்லும் மரமும் சேகரித்துக்கொண்டுவந்து, இடிபட்டவனோடு சேர்ந்து திரும்பக் கட்ட வேண்டும் என்றாள். ஒரு வாரம் முணுமுணுத்துக்கொண்டே கட்டினார்கள். இப்போது அவ்விருவரும்தான் எப்போதும் சேர்ந்து ஆடுகிறார்கள். எந்தப் புகார்ப் பொத்தானும் இந்தத் தீர்ப்பைத் தந்திருக்காது, ஏனெனில் அந்த இருவரையும் அறிந்த ஒருவரால்தான் அப்படி யோசிக்க முடியும்.

இந்த இடமும் முழுக்க எங்களுடையது என்று சொல்லிவிட முடியவில்லை. 2014-இல் மைன்கிராஃப்டை வாங்கிய மைக்ரோசாஃப்ட், 2022 ஜூலையில் வந்த 1.19.1 பதிப்பு முதல், தனியார் நடத்தும் சர்வரில் பேசிய பேச்சையும் தன்னிடம் புகார் செய்யும் வசதியை வைத்தது. அந்நிறுவனம் ஒருவரைத் தடை செய்தால் அவர் எங்கள் சர்வருக்குள்ளும் வர முடியாது. வெறுப்புப் பேச்சைத் தடுக்கும் நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. வீட்டுக்குள் நடப்பதற்கு வீட்டார் பொறுப்பு என்ற எல்லை அழிவதைத்தான் ஏற்க முடியவில்லை. ஆகவே, முன்னர் மைன்டெஸ்ட் என்று அழைக்கப்பட்டு 2024 முதல் லுவான்டி என்ற பெயரில் வழங்கும், இதே போன்ற கட்டை உலகங்களில் ஆட உதவும் கட்டற்ற மென்பொருளைப் பிள்ளைகளுக்குச் சிறிது சிறிதாக அறிமுகப்படுத்தி வருகிறேன். பளபளப்பு குறைவு, ஆனால் அதில் எவருடைய அனுமதியும் தேவையில்லை.

பெரிய அளவிலும் நல்ல இடம் சாத்தியமே என்பதற்கு சதுரங்கத்திலிருந்து ஒரு சான்று தருகிறேன். தீபோ துப்ளெஸ்ஸி என்ற பிரெஞ்சு நிரலாளர் 2010-இல் தொடங்கிய லிசெஸ் தளம், நன்கொடையால் இயங்கும் அறநிறுவனம். விளம்பரம் கிடையாது, கட்டணப் பகுதி கிடையாது, நிரல் முழுவதும் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. உலகெங்கிலும் உள்ள முன்பின் தெரியாதவர்களோடுதான் அங்கேயும் ஆடுகிறோம். ஆயினும் கடை எதுவும் இல்லாததால், உங்களை இன்னும் ஒரு மணி நேரம் பிடித்துவைக்க வேண்டிய தேவை அந்த இடத்துக்கு இல்லை. அந்த வேறுபாட்டை விளையாடும்போதே உணர முடிகிறது. 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்த பின்பும், 2024 டிசம்பரில் குகேஷ் உலக வாகையர் ஆன பின்பும், நம் பள்ளிகளில் சதுரங்கம் கற்கும் பிள்ளைகள் பெருகியிருக்கிறார்கள். அவர்களை எந்தத் தளத்தில் கணக்குத் தொடங்கச் சொல்வது என்று கேட்கும் ஆசிரியர்களுக்கு என் பரிந்துரை லிசெஸ்தான்.

அழகப்பர் பெயரால் இத்தனை கல்வி நிலையங்கள் எழுந்த ஊர் இது. கணினித் துறை உள்ள ஒவ்வொரு கல்லூரியும், ஒரு பழைய கணினியை ஒதுக்கி, சுற்றியுள்ள பள்ளிகளுக்கென ஒரு விளையாட்டுச் சர்வரை மாணவர்களைக் கொண்டே நடத்த முடியும். பிணையத்தையும் பாதுகாப்பையும் மட்டுமன்றி, இரண்டு சிறுவர்களுக்கிடையே வழக்குத் தீர்ப்பது எப்படி என்பதையும் அந்த மாணவர்கள் அங்கே கற்பார்கள். கேபிள் நடத்தும் நண்பர்களும், தங்கள் இணைப்புகளில் ஐபிவி6-ஐ கேட்காமலே இயக்கித் தந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

வீட்டில் தொடங்க நினைப்பவர்களுக்காக, இந்த அமைப்பு முறையைப் படிப்படியாகத் தமிழில் எழுதிவருகிறேன். சர்வர் நிறுவுவதும் அனுமதிப் பட்டியல் அமைப்பதும் ஐபிவி6 போர்ட் திறப்பதும் முடிந்துவிட்டன. நகலெடுத்து வைக்கும் பகுதி மட்டும் மீதமிருக்கிறது. ஓர் உலகம் என்பது சில கோப்புகள்தான். வாரம் ஒருமுறை அவற்றை வெளிவட்டில் எடுத்து, ஒரு நகலை வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டிலும் வைத்துவிட்டால், எங்கள் மடிக்கணினி பழுதானாலும் பிள்ளைகள் கட்டிய வீடு போகாது. எங்களுடைய நகல் இப்போது பள்ளத்தூரில் இருக்கிறது.